பனிமலைக்குக் கையுறை வாங்கிய கதை

திருப்பதியில் கையுறை கேட்டால் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கானதாகவே இருக்கும். அதில் அவர் தவறு ஒன்றுமில்லை. மார்கழி விடியலில் அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறுகிறவருக்கும் சில நூறு படிகள் கடந்ததும் சால்வையே சுமையாகிவிடுகிறது. திருமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரம்தான். குளிர்ச்சிக்குப் பெயர்பெற்ற, பழைய சித்தூர் மாவட்டத்து ஹார்ஸ்லி மலையும் 1,265 மீட்டரோடு நின்றுவிடுகிறது. விரல் விறைக்கும் குளிரை நம் பகுதி அறியாது. ஆகவே, சித்தூர், திருப்பதி கிளைகளைச் சேர்ந்த நாங்கள் ஐவர் சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் விடுப்பில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் புறப்பட்டபோது, காலணிக்கும் மேலாடைக்கும் நாள்கணக்கில் ஆலோசித்துவிட்டு, கையுறையைக் கடைசி நாள் மாலையில் கண்ணில் பட்ட கடையில் வாங்கினோம்.

கேதார்காந்தா உத்தரகாசி மாவட்டத்தில் உள்ளது. உயரம் சுமார் 3,800 மீட்டர். சாங்க்ரி என்னும் சிற்றூரிலிருந்து பனியில் நடந்து, இடையே கூடாரத்தில் தங்கி, கடைசி நாள் விடியுமுன் உச்சிக்குப் புறப்பட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பள்ளிப் பாடம். அதனோடு இமயத்துக் குளிர்காலமும் காற்றும் சேரும்போது கூடாரத்துக்குள் வைத்த குடிநீரே உறைந்துவிடுகிறது.

எங்களுள் காசாளராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர் பருத்திக் கையுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தார். முதல்நாள் பிற்பகல் பனியை உருட்டி விளையாடியதில் இரண்டும் நனைந்தன. இரவு அவை பலகைபோல் உறைந்தன. காலையில் தட்டி நெகிழ்த்தி மீண்டும் மாட்டிக்கொண்டார். ஏறத் தொடங்கிய ஒரு மணி நேரம் வரை விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பிறகு வலி நின்றுவிட்டது என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். அதைக் கேட்ட வழிகாட்டி உடனே எங்கள் அனைவரையும் நிறுத்தினார். கையுறையைக் கழற்றிப் பார்த்தால், வலக்கையின் இரு விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. அந்த இளைஞர் தம் மேலாடையைத் திறந்து, நண்பரின் கையைத் தம் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டார். நெடுநேரம் கழித்து வலி திரும்பியது, நண்பர் அழுதுவிட்டார். அவர் அழுவதைக் கண்ட பிறகுதான் வழிகாட்டியின் முகம் தெளிந்தது. கம்பளிக் காலுறைகளைக் கைகளில் மாட்டி அவரைக் கீழே அழைத்துச் சென்றார். நாங்களும் உடன் இறங்கினோம். உச்சி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தது.

அன்று கண்டதையும் பின்னர் மருத்துவரிடம் கேட்டதையும் இங்கே பதிவு செய்கிறோம். குளிர் மிகும்போது உடல், இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக விரல்களுக்குச் செல்லும் இரத்தத்தைச் சுருக்கிக்கொள்கிறது. உணர்வு மறைவது ஆபத்தின் அறிகுறியே. அந்நிலையில் விரலைத் தேய்க்கக் கூடாது. பனிக்கட்டியால் தேய்ப்பது இன்னும் தீது. நெருப்பருகே காட்டவும் கூடாது. உணர்வற்ற தோல் வெந்தாலும் தெரியாது. உடல் வெப்பத்தால் மெல்லச் சூடாக்கி, வெளுப்பு மாறாவிடில் விரைந்து மருத்துவரை அடைய வேண்டும்.

கையுறையின் அருமையை மலையேற்ற வரலாறும் சொல்லும். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் மனிதர் முதன்முதலில் ஏறியது அன்னபூர்ணா. நாள் 1950 ஜூன் 3. ஏறிய இருவருள் ஒருவரான பிரெஞ்சு நாட்டு மொரிஸ் ஹெர்சோக், இறங்கும் வழியில் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றினார். அவை சரிவில் உருண்டு மறைந்தன. பையிலிருந்த மாற்றுக் காலுறைகளைக் கைகளில் அணியலாம் என்பது அந்தக் களைப்பில் அவருக்குத் தோன்றவில்லை. உயிரோடு திரும்பினார்; விரல்களை இழந்தார். இன்றைய நல்ல மலைக் கையுறைகளில் மணிக்கட்டோடு கட்டும் நாடா இருக்கும். கடையில் அதை வேண்டாத தொங்கலாக எண்ணி வெட்டிவிட நினைத்தவர்களில் நாங்களும் உண்டு.

அடுத்த டிசம்பருக்கு முன் மீண்டும் வாங்கினோம். இம்முறை கேட்டு, பார்த்து, அணிந்து. ஒரே கையுறையில் எல்லாம் அடங்கிவிட வேண்டும் என்று தேடியதுதான் எங்கள் பழைய பிழை என்று புரிந்தது. உள்ளே மெல்லிய கம்பளி அல்லது ஃப்ளீஸ் உறை. அதற்குமேல் நீர் புகாத, காற்றுத் தடுக்கும், உள்ளிருக்கும் வியர்வை ஆவியை வெளியே விடும் தடித்த உறை. ஏறும்போது உடல் சூடாகும். அப்போது மெல்லியது போதும். நின்றால் உடனே தடித்தது வேண்டும். வியர்வையும் ஈரம்தான், பனி மட்டுமே கையை நனைப்பதில்லை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கையின் வெப்பத்தைக் களவாடுகிறது. கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு சூடு காக்கிறது. மிகுந்த குளிருக்கு, நான்கு விரல்களையும் ஒரே அறையில் வைத்துப் பெருவிரலை மட்டும் பிரிக்கும் மிட்டன் சிறந்தது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். குளிர்படும் பரப்பும் குறையும். ஆனால் அதை அணிந்துகொண்டு காலணிக் கயிறு கட்ட முடியாது. எங்களுள் இருவர் மிட்டனும் மூவர் விரலுறையும் வாங்கினோம். எது மேல் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இறுக்கமான உறை சூடு தரும் என்பது பொய். அது பஞ்சை நசுக்கும். பஞ்சிடையே தங்கும் காற்றுதான் சூட்டைக் காப்பது. இரத்த ஓட்டத்தையும் அது தடுக்கும். ஆகவே உள்ளுறையோடு சேர்த்து அணிந்து பாருங்கள். முட்டி மடக்கும்போது இழுக்கக் கூடாது. விரல் நுனியில் சிறிது இடம் மிஞ்ச வேண்டும். மணிக்கட்டு மேலாடைக் கைக்குள் மறைய வேண்டும். கடையிலேயே ஜிப்பைத் திறந்து மூடிப் பார்ப்பதற்கு வெட்கம் வேண்டாம். நாங்கள் ரூபாய் நோட்டையும் எண்ணிப் பார்த்தோம்; தொழிற்பழக்கம்.

நெடுநாள் உழைப்பதற்கு உள்ளங்கை தோலாக இருப்பது நல்லது. ஊன்றுகோலும் பாறையும் உராய்வது அங்கேதான். சித்தூருக்கு அருகேயே இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் பதனிடும் ஊர்கள் இருப்பதால், அத்தொழில் அறிந்த வாடிக்கையாளர் ஒருவரின் யோசனை எங்களுக்கு எளிதில் கிடைத்தது. ஆட்டுத்தோல் மெல்லியதாயினும் உறுதியானது, கைக்கு இணங்குவது என்றார் அவர். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தையலை முதலில் பார்க்கச் சொன்னார். மலிவான உறை பிரிவது அங்கேதானாம். எங்கள் பழைய உறைகளை எடுத்துப் பார்த்தோம். மூன்று அங்கேயே பிரிந்திருந்தன.

ஒத்திகைக்கு ஸ்ரீவாரி மெட்டு வழியைத் தேர்ந்தோம். 2,388 படிகள், அலிபிரியை விடக் குறைவு, ஆனால் செங்குத்து. ஊன்றுகோலும் கையுறையுமாக ஏறிய எங்களைப் பார்த்து முதியவர் ஒருவர், வண்டியை எங்கே விட்டீர்கள் என்று தெலுங்கில் அக்கறையோடு வினவினார். வியர்வையில் எந்த உள்ளுறை விரைவில் நனைகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. வெளியுறையைக் குழாயடியில் பிடித்துச் சோதித்தோம். ஒன்று ஒழுகியது, ரசீது இருந்ததால் மாற்றித் தந்தார்கள்.

அந்த டிசம்பரில் ஐவரும் கேதார்காந்தா உச்சியில் நின்றோம். உள்ளுறை மட்டும் ஆளுக்கு மூன்று இணை கொண்டுசென்றோம். ஈரமானதை இரவில் உறங்கும் பைக்குள் உடலோடு வைத்து உலர்த்தினோம். மலையடிவாரத்து ஊர்களில் ஏ.டி.எம்.மை நம்பிச் செல்லாமல் ரொக்கம் வைத்துக்கொள்ளுமாறும், காப்பீட்டுப் பத்திரம் மலையேற்றத்துக்குப் பொருந்துகிறதா என்று புறப்படுமுன் படித்துப் பார்க்குமாறும், வங்கிக்காரர்கள் என்ற முறையில் சொல்லி வைக்கிறோம். காசாளர் நண்பரின் அந்த இரு விரல்கள், குளிர்சாதனம் மிகுந்த அறையில் நோட்டு எண்ணும்போது இன்றும் கூசுகின்றன.

ஊருக்குத் திரும்பியபின் தோலுக்கு மெழுகு தடவி, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் வைத்தோம்; பாலித்தீன் உறையில் வைத்தால் நம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அவற்றுள் ஓர் இணை இப்போது சந்திரகிரி வாடிக்கையாளர் ஒருவரிடம் இருக்கிறது. 3,700 மீட்டருக்கு மேல் உள்ள முக்திநாத்துக்குத் தம் மனைவியோடு செல்கிறார். அங்குள்ள 108 நீர்த்தாரைகளிலும் நனைவது வழக்கம் என்பதால், கையை நன்றாகத் துடைத்து உலர்த்திய பின்பே உறையை மாட்டுமாறு இருமுறை சொல்லி அனுப்பினோம். திருப்பித் தரும் நாள் எதுவும் குறித்துக்கொள்ளவில்லை.