கடிகாரக் கடையும் ரேந்தை ஊசியும்

நம் ஆலயங்களின் பீடங்களில் வீற்றிருக்கும் சுரூபங்களைச் சற்றே நோக்குங்கள். ஒருவர் கையில் பாடுபட்ட சுரூபம்; ஒருவர் கையில் லீலி மலர்; மற்றொருவர் கையில் ஆயருக்குரிய செங்கோல். பெரும்பாலோர் அணிந்திருப்பது துறவற உடை. கடைக் கணக்கும் கையுமாக, ஊசியும் நூலுமாக நிற்கும் புனிதர் அரியர். புனித சூசையப்பர் மட்டுமே உளியும் வாச்சியும் ஏந்தி நமக்கு ஆறுதல் தருகிறார். அவரைத் தொழிலாளரின் பாதுகாவலராக மே முதல் நாளில் கொண்டாடும் வழக்கமும் 1955ஆம் ஆண்டில்தான் ஏற்படுத்தப்பட்டது.

இந்நிலையில், 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் உரோமையில் நிகழ்ந்தது குடும்பத்தார் யாவரும் நினைவில் கொள்ளத்தக்கது. அன்று திருத்தந்தை பிரான்சிஸ், லூயி மார்ட்டின் என்ற கடிகாரத் தொழிலாளரையும், ரேந்தை பின்னும் தொழில் நடத்திய அவர் மனைவி செலி அம்மையாரையும் ஒருசேரப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். மறைசாட்சிகளாக அன்றி, கணவன் மனைவியாகவே இருவர் ஒன்றாக இப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைப் பெற்றெடுத்த தாய் தந்தையர் இவர்களே.

இருவரும் இளமையில் துறவறத்தை நாடியவர்கள். ஆல்ப்ஸ் மலையில் உள்ள புனித பெர்நார்து மடத்துக் கதவை லூயி தட்டினார். இலத்தீன் கல்வி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். செலியும் பிறரன்புச் சகோதரியரின் சபையில் சேர விரும்பி, ஏற்கப்படாது திரும்பினார். பிரான்சு நாட்டு அலென்சோன் நகரில் 1858ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நள்ளிரவுத் திருமணத்தில் இவ்விருவரும் இணைந்தனர்.

பக்தி நூல்கள் பல இத்தம்பதியரைச் செபமாலையோடு மட்டுமே நமக்குக் காட்டுகின்றன. கணக்குப் புத்தகத்தை மறைத்து விடுகின்றன. எமக்கோ அக்கணக்குப் புத்தகமே அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது.

லூயியின் கடையில் கடிகாரங்களோடு நகைகளும் விற்கப்பட்டன. சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் நகருக்கு வரும் நாள் ஞாயிறு. மற்றக் கடைகள் அன்று திறந்திருக்க, லூயியின் கடை மட்டும் மூடிக் கிடந்தது. பக்கத்துக் கதவையேனும் திறந்து வைக்கலாமே என்று நண்பர்கள் அறிவுறுத்தினர். அவர் இசையவில்லை. இழப்பு உண்மையான இழப்பே. வேண்டுமென்றே அதை ஏற்றுக்கொண்டார். ஞாயிறன்று விற்பனைக்கும் மேலதிக வேலைக்கும் அழைக்கப்படும் நம் இளைஞர் பலருக்கு அவருக்கிருந்த உரிமை இல்லை என்பதையும் மறத்தலாகாது. அவர் கடைக்கு உரிமையாளர். ஞாயிறு ஓய்வைத் தம் ஊழியர்க்கு வழங்கும் பொறுப்பு முதலாளிகளுக்கே முதலில் உரியது.

அலென்சோன் ரேந்தை உலகப் புகழ் பெற்றது. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக இக்கலையைச் சேர்த்துக்கொண்டது. தோல் தாளில் சித்திரம் வரைந்து, துளையிட்டு, அத்துளைகள் வழியே நூலால் உருவரையிட்டு, பின்னணியையும் பூவையும் ஊசியாலேயே பின்ன வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு பின்னி முடிக்க ஏழு மணி நேரம் ஆகும். தேர்ச்சி பெற ஏழு முதல் பத்து ஆண்டுகள் வேண்டும். செலி அம்மையார் 1853ஆம் ஆண்டில் தம் 22ஆம் வயதை எட்டுமுன்பே இத்தொழிலைத் தொடங்கினார். பெண்கள் பலர் தத்தம் இல்லங்களில் தனித்தனித் துண்டுகளைப் பின்னிக் கொணர்வர். தையல் சற்றும் கண்ணுக்குத் தெரியாதவாறு அத்துண்டுகளை இணைக்கும் நுண்பணியை அம்மையார் தம் கையாலேயே செய்தார். திறமை காட்டிய இடமே எவர் பார்வைக்கும் படாமற் போக வேண்டும் என்பது எத்துணை விந்தையான தொழில்!

இவ்வேலை அவருக்கு இனித்தது என எண்ண வேண்டா. அவர் எழுதிய மடல்கள் 200க்கு மேல் கிடைத்துள்ளன. அவற்றில் களைப்பும் முறையீடும் ஒளிவின்றி வெளிப்படுகின்றன. வேலை மிகுந்தால் அதற்கு அடிமையானேன் என்கிறார். குறைந்தாலோ, தம்மை நம்பிய பெண்களுக்கு வேலை தர இயலவில்லையே எனத் துயருறுகிறார். நோயுற்ற தொழிலாளியை நேரில் சென்று பார்ப்பது அவர் வழக்கம். தொழிலாளர்க்கு நேரிய ஊதியம் வேண்டுமெனத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் முழங்கியது 1891ஆம் ஆண்டில். அம்மையார் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

கணவனும் மனைவியும் விடியற்காலைத் திருப்பலிக்குச் சென்று வந்த பின்னரே தொழிலில் அமர்வர். ஒன்பது குழந்தைகள் பிறந்தனர். இரு ஆண் மக்களும் இரு பெண் மக்களும் சிறு பருவத்திலேயே இறந்தனர். 1873ஆம் ஆண்டு சனவரியில் பிறந்த கடைக்குட்டி தெரேசாவுக்குத் தாய்ப்பாலூட்ட இயலாமல், நாட்டுப்புறத்துச் செவிலித்தாயிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பணிக்குச் செல்லும் தாய்மாரே, குழந்தையைப் பிறர் கையில் விட்டுச் செல்லும்போது நெஞ்சு கனப்பதை இப்புனிதை நன்கறிவார்.

மனைவியின் தொழில் வளர்ந்த காலத்தில் லூயி என்ன செய்தார் தெரியுமா? தம் கடிகாரக் கடையை உறவினரிடம் விற்றுவிட்டு, ரேந்தைத் தொழிலுக்குத் துணை நின்றார். வெளியூர்ப் பயணமும் வணிகத் தொடர்பும் அவர் பொறுப்பாயின. மனைவியின் உழைப்புக்குத் தோள் கொடுப்பதைத் தம் ஆண்மைக்கு இழுக்கெனக் கருதும் நம் கணவர்கள் இப்பகுதியை இருமுறை படிக்கட்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், புனிதம் துறவியர்க்கு மட்டும் உரியதன்று, எல்லா நிலையினரும் அதற்கு அழைக்கப்பட்டுள்ளனர் என ஓர் அதிகாரம் முழுவதும் கூறுகிறது. மனித உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டில் தனிச் சுற்றுமடலே வரைந்தார். அவ்வேடுகளை வாங்கிப் படிக்க நேரமில்லாதோர்க்கு இக்குடும்பத்தின் மடல்களே விளக்கவுரையாகும்.

1876ஆம் ஆண்டின் இறுதியில், அம்மையாரின் மார்பில் இருந்த புற்றுநோய்க்கு அறுவை செய்யும் காலம் கடந்துவிட்டதென மருத்துவர் கூறினர். அடுத்த ஆண்டு லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றும் நலம் கிட்டவில்லை. 1877 ஆகஸ்டு 28ஆம் நாள், 45ஆம் வயதில், ஐந்து பெண் மக்களை விட்டு உயிர் நீத்தார். தெரேசாவுக்கு அப்போது வயது நான்கு.

லூயி பிள்ளைகளோடு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். முதுமையில் அவர் மூளை நோயுற்றது. நுண்ணிய சக்கரங்களைப் பொருத்திய கைகள் சோர்ந்தன, நினைவும் தடுமாறியது. 1889 முதல் மூன்று ஆண்டுகள் கான் நகரில் மனநோயாளர் மருத்துவமனையில் கழித்தார். உழைக்க முடிந்த நாளைப் போலவே, உழைக்க இயலாத அந்நாள்களையும் திருச்சபை ஆராய்ந்தே அவருக்குப் பட்டமளித்தது. 1894 ஜூலை 29ஆம் நாள் அவர் இறந்தார். தந்தை மருத்துவமனையில் இருந்த அந்த ஆண்டுகளில், லிசியே கார்மேல் மடத்தில் அவருடைய கடைசி மகள் உணவறையைக் கூட்டியும், துணிகளைப் பேணியும், திருப்பலிக்குரிய பாத்திரங்களைத் துலக்கியும் வந்தார்.