கதிர் மருத்துவத்தில் பிலிம் வழி ஏற்பளவுச் சோதனை

பிலிம் வழி ஏற்பளவுச் சோதனை என்பது, புற்றுநோயாளிக்குத் திட்டமிட்ட கதிர் ஏற்பளவைக் கருவி சரியான இடத்தில், சரியான அளவில் தருகிறதா என்பதை எக்சு-கதிர் பிலிமின் உதவியால் சரிபார்க்கும் முறையாகும். ஏற்பளவு குறைந்தால் புற்றணுக்கள் அழியாமல் எஞ்சலாம். மிகுந்தால் அருகிலுள்ள நலமான திசுக்கள் கெடலாம்.

அயனி அறை என்னும் கருவி ஓரிடத்தின் ஏற்பளவைத் துல்லியமாகத் தரும். பிலிமோ ஒரு தளம் முழுவதிலும் ஏற்பளவு எவ்வாறு பரவியுள்ளது என்பதைக் காட்டும். கதிர்ப்புலத்தின் விளிம்பில் ஏற்பளவு சில மில்லிமீட்டருக்குள் சரிவதையும் அதில் தெளிவாகக் காணலாம்.

கருமையும் ஏற்பளவும்

பிலிமில் வெள்ளி புரோமைடு நுண்படிகங்கள் உள்ளன. கதிர் பட்ட படிகங்கள் உருத்துலக்கும் கரைசலில் உலோக வெள்ளியாக மாறிக் கருமை தருகின்றன. கருமையின் அளவு ஒளியடர்த்தி எனப்படும். விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு ஊடுருவினால் ஒளியடர்த்தி 1. நூறில் ஒரு பங்கு எனில் 2.

கருமை இருமடங்கானால் ஏற்பளவும் இருமடங்கு என்று கொள்ளக்கூடாது. கரைசலின் வெப்பநிலை மாறினாலே கருமை மாறும். எனவே அதே பெட்டியிலுள்ள பிலிம்களுக்கு, தெரிந்த ஏற்பளவுகளைக் கொடுத்து, கதிர் படாத ஒரு பிலிமையும் சேர்த்து, சோதனைப் பிலிமுடன் ஒரே வேளையில் உருத்துலக்குவர். இவற்றைக் கொண்டு வரையும் வரைபடமே கருமையை ஏற்பளவாக மாற்றித் தரும்.

செய்முறை

சிகிச்சைக்கு முன், நோயாளி இல்லாமல், நீருக்கு நிகரான நெகிழிப் பலகைகளுக்கிடையே பிலிமை வைத்துத் திட்டப்படி கதிர் செலுத்துவர். பின்னர் பிலிமை வருடியில் படித்து, கணினித் திட்டத்துடன் ஒப்பிடுவர். ஏற்பளவில் 3 விழுக்காடு, இடத்தில் 3 மில்லிமீட்டர் என்பது பலகாலம் வழக்கிலிருந்த ஏற்பு வரம்பாகும்.

குறைபாடுகள்

வெள்ளியின் அணு எண் 47, புரோமினுடையது 35. ஆகவே ஆற்றல் குறைந்த கதிர்களைப் பிலிம் திசுவைவிட மிகுதியாக உட்கவர்கிறது. சிதறிய கதிர்கள் மிகும் ஆழத்திலும் புலத்திற்கு வெளியிலும், உண்மையைவிடக் கூடுதலான ஏற்பளவை அது காட்டலாம்.

மேலும், கோடாக் எக்ஸ்வி போன்ற பிலிம்கள் ஏறத்தாழ 1 கிரே அளவிலேயே முழுக் கருமையை நெருங்கிவிடும். நாளொன்றுக்கு 2 கிரே தரும் வழக்கமான சிகிச்சையை அவற்றால் முழு அளவில் சோதிக்க இயலாது. பின்னர் வந்த ஈடிஆர்2 பிலிம் ஏறத்தாழ 5 கிரே வரை பயன்பட்டது.

இன்று பல இடங்களில், கரைசலின்றித் தானே நீலநிறம் பெறும் கதிர்நிறப் பிலிம் பயன்படுகிறது. இதன் இயைபு திசுவை ஒத்தது. எனினும் அளவுத்திருத்தம் இதற்கும் தேவை. பிலிம் காட்டும் பரவலுடன், அயனி அறையால் ஓரிடத்திலேனும் அளந்து ஒப்பிடுவது நம்பகத்தன்மையைக் கூட்டும்.