செடி விளக்கில் கீரை வளரும். காய்கறிச் செலவு குறையுமா?

புதினாவும் மல்லியும் இல்லாமல் நம் வீடுகளில் பிரியாணியும் இல்லை, நோன்புக் கஞ்சியும் இல்லை. தேவைப்படுவது ஒரு கைப்பிடி. வாங்குவது ஒரு கட்டு. மீதி குளிர்சாதனப் பெட்டியில் கிடந்து அழுகிப் போகிறது. கிணற்றடியும் முற்றமும் இருந்த காலத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் புதினா தானாகவே படர்ந்து கிடந்தது. இன்று நம்மில் பலருக்கு அடுக்குமாடியில் இரண்டு அறைதான். வளைகுடாவில் வசிக்கும் குடும்பங்களுக்கு பால்கனி இருந்தாலும், 45 டிகிரி கோடையில் அங்கே வைத்த செடி கருகிவிடுகிறது.

இந்தத் தேவையை வைத்துத்தான் 'க்ரோ லைட்' எனப்படும் எல்.இ.டி. செடி விளக்குகள் விற்பனைக்கு வருகின்றன. சமையலறையிலேயே தோட்டம், இனி காய்கறிச் செலவே இல்லை என்கிற விளம்பரங்களையும் பார்க்கிறோம். இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையல்ல. காரணம் தெரிந்தால் பணம் வீணாகாது.

செடிக்கு ஒளிதான் உணவு

உரம் என்பது செடிக்கு உப்பும் புளியும் போன்றது. அதன் உண்மையான சாப்பாடு, ஒளியைக் கொண்டு இலை தயாரிக்கும் சர்க்கரை. நன்றாக வெளிச்சமாக இருக்கும் அறையில் செடி ஏன் வளர்வதில்லை என்று பலர் கேட்கிறார்கள். நம் கண் ஏமாற்றுகிறது என்பதே பதில். நடுப்பகல் வெயிலின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். இரவில் விளக்கு போட்ட கூடத்தில் இருப்பது சில நூறு லக்ஸ் மட்டுமே. கண் ஒளிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால் நமக்கு இரண்டும் வெளிச்சமாகத் தெரிகிறது. செடிக்கு இரண்டாவது பட்டினி.

பழைய குண்டு பல்புகள் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். எல்.இ.டி. அந்த நிலையை மாற்றியது. வெள்ளை எல்.இ.டி.க்கு வழி திறந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே, சர்வதேச விண்வெளி நிலையத்தில் எல்.இ.டி. வெளிச்சத்தில் வளர்ந்த லெட்யூஸ் கீரையை விண்வெளி வீரர்கள் சாப்பிட்டார்கள்.

செடி அதிகம் பயன்படுத்துவது சிவப்பையும் நீலத்தையும் என்பதால் சிலர் ஊதா நிற விளக்கை விற்கிறார்கள். அதுதான் வேண்டும் என்பதில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி.யிலும் இந்த நிறங்கள் உண்டு. வீட்டில் கண்ணுக்கு உறுத்தாததும் அதுவே.

கீரை வேறு, காய் வேறு

இரண்டு சதுர அடி இடத்துக்கு 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு போதும். தினம் 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 8.4 யூனிட் ஆகும். இதில் புதினா, வெந்தயக்கீரை, கடுகுத் தளிர் எல்லாம் வரும்.

தக்காளி அப்படியல்ல. இலையோடு நிற்காமல் பூவும் காயும் தர அதற்குப் பல மடங்கு ஒளி வேண்டும். 100 வாட் விளக்கு தினம் 16 மணி நேரம் என்று கணக்கிட்டால் மூன்று மாதத்துக்கு 144 யூனிட். காற்றும் தேனீயும் இல்லாத அறையில் பூங்கொத்தை நாமே தட்டிவிட வேண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது சில கிலோ. கத்தரி, மிளகாய், வெண்டைக்கும் இதே கதைதான். கறிவேப்பிலைக்கும் வெயிலே சரி.

பெரிய நிறுவனங்களும் இதைத் தாண்டவில்லை. துபாயில் 2022-இல் தொடங்கிய 'புஸ்தானிகா' என்ற உள்ளரங்கப் பண்ணை, ஆண்டுக்கு 10 லட்சம் கிலோ விளைச்சலைக் குறியாகக் கொண்டது. அங்கும் விளைவது கீரை வகைகளே. அமெரிக்காவில் பெரும் முதலீட்டோடு வந்த 'ஏரோஃபார்ம்ஸ்' 2023-இல் திவால் மனு கொடுத்தது. 'பவரி' 2024-இல் மூடப்பட்டது. வெயில் இலவசம், விளக்கு இலவசமல்ல என்ற கணக்கை யாராலும் தவிர்க்க முடியவில்லை.

செய்ய விரும்புவோருக்கு

முதலில் ஜன்னலைப் பாருங்கள். நாலைந்து மணி நேரம் நேர் வெயில் விழுந்தால் புதினாவுக்கு விளக்கே தேவையில்லை.

விளக்கு வாங்கினால், இலை நுனியிலிருந்து அரை அடி முதல் ஒரு அடிக்குள் தொங்கவிடுங்கள். தூரம் கூடினால் ஒளி வேகமாகக் குறையும். தண்டு நீண்டு மெலிந்து சாய்ந்தால் ஒளி போதவில்லை என்று பொருள். டைமர் பிளக் ஒன்று மாட்டிவிட்டால் போட்டு அணைக்கும் வேலை இல்லை. இரவில் செடிக்கும் இருட்டு வேண்டும்.

கடையில் வாங்கிய புதினாவில் நல்ல தண்டு நாலைந்தை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, தண்ணீரில் நிறுத்துங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் வேர் விடும். பிறகு தொட்டியில் நடலாம். மல்லி விதையை லேசாக நசுக்கி இரண்டாகப் பிளந்து, ஊறவைத்து விதையுங்கள். மல்லிக்கு 12 மணி நேர வெளிச்சம் போதும். அதிக நேர வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் அது சீக்கிரம் பூத்து, இலை நின்றுவிடும். வெந்தயம் மூன்று நான்கு வாரத்தில் கிள்ளும் அளவுக்கு வரும். ஃபலூடாவுக்கு வாங்கிய சப்ஜா விதையைத் தூவினால் திருநீற்றுப்பச்சை முளைக்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல பாடம்.

தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை எடை குறைவு. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். எப்போதும் ஈரமாக இருந்தால் சிறு கொசு போன்ற பூச்சி வரும், வேரும் அழுகும். மின் இணைப்புப் பெட்டியைத் தொட்டிக்குக் கீழே வைக்க வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில், சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இதுவே முதல் கவனம்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டிச் செலவாகும் வீடுகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த விளக்கு கூட்டும் 17 யூனிட் எல்லையைத் தாண்ட வைத்தால் கட்டண விகிதமே மாறிவிடும். கடைசி மின்கட்டண ரசீதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆக, சந்தைப் பையை இந்த விளக்கு நிரப்பாது. தேவையான கைப்பிடி இலையைத் தேவையான நேரத்தில் கிள்ளித் தரும். அழுகி வீணாவதைக் குறைக்கும். அந்த அளவோடு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.