ஆறு வயசுப் பிள்ளைக்கு வண்டியா?
(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)

தள்ளுவண்டி என்றதும் நம் ஹாஸ்டல் வாசலில் ராத்திரி நிற்கும் இட்லிக் கடைதான் உங்கள் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வருவது அதுவல்ல. குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி. அமெரிக்காவில் இதை ஸ்ட்ரோலர் என்கிறார்கள்.

பெரியம்மா மகள் புளோரிடாவில் இருக்கிறார். குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டு போய்விட்டு ஒரு படம் அனுப்பியிருந்தார். அதில் அவருடைய ஆறு வயசு மகன், கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஸ்ட்ரோலரில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். வீட்டில் ஒரே சிரிப்பு. "பள்ளிக்கூடம் போற பையனை இப்படி வண்டியில வெச்சுத் தள்ளுறாளே, அங்க போனா கால் மரத்துப் போயிடுமா?" என்று எங்கள் பாட்டி கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தவன்தான். பிறகு விசாரித்தால், அது நம் மெக்கானிக்ஸ் பாடமாகவே இருந்தது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1-ல் ஆர்லாண்டோ பக்கத்தில் திறக்கப்பட்டது. மொத்தப் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள். 1982-ல் திறந்த எப்காட் பூங்காவில் ஓர் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் உண்டு. அந்த ஒரு சுற்று மட்டுமே ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர். காலையில் நுழைந்து ராத்திரி வாணவேடிக்கை முடிந்து வெளியே வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிடுவது அங்கே சர்வ சாதாரணம். கோடைக்காலமாக இருந்தால் 33 டிகிரி வெயில், மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை.

இப்போது கணக்குக்கு வருவோம். பெரியவர் ஓரடி வைத்தால் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 கிலோமீட்டருக்குச் சுமார் 17,000 அடி. பையனுக்கு ஓரடி 50 சென்டிமீட்டர்தான். அவனுக்கு 24,000 அடி! அதுவும் அப்பாவின் வேகத்துக்கு ஈடு கொடுக்கப் பாதி தூரம் ஓட வேண்டும். "நானும்தானே நடக்கிறேன், உனக்கென்ன?" என்று அப்பா அதட்டுவதில் நியாயம் இல்லை என்பது புரிகிறதா?

சரி, தோளில் தூக்கிக்கொண்டால்? ஆறு வயசுப் பிள்ளை சராசரி 20 கிலோ. அந்த 20 கிலோவும் முதுகெலும்பில் இறங்கும். அதே பிள்ளையை 6 கிலோ ஸ்ட்ரோலரில் வைத்தால் மொத்தம் 26 கிலோ. நல்ல சிமெண்ட் தரையில் உருளும் உராய்வுக் கெழு 0.02 என்று எடுத்தால், தள்ளத் தேவையான விசை சுமார் 5 நியூட்டன். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் விசை, அவ்வளவே. பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் ஏறும்போது மேற்கொண்டு 21 நியூட்டன் ஆகும். அதுகூடப் பெரிய விஷயமில்லை.

இந்த லேசான வண்டிக்கு வழி காட்டியவர் ஓவன் மக்லாரன் என்ற இங்கிலாந்து நாட்டு விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர். மகள் பேரக்குழந்தையோடு ஊருக்கு வந்தபோது, அந்தக் கனத்த பழைய பிராம் வண்டியோடு பட்ட பாட்டைப் பார்த்தார். விமானச் சக்கரத்தை மடக்கி உள்ளே இழுக்கத் தெரிந்தவருக்குக் குழந்தை வண்டியை மடக்கத் தெரியாதா? அலுமினியக் குழாய்களை X வடிவில் கோத்து, குடை மாதிரி மடங்கும் வண்டியை வடிவமைத்து 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை 2.7 கிலோதான்! நம் டிசைன் வகுப்பில் இதை ஏன் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் பெரிய பிள்ளைகளை வைத்துத் தள்ளும்போது ஆபத்தும் கூடவே வருகிறது. முக்கியமானது கவிழ்வது. காலி வண்டி 6 கிலோ, அதன் புவியீர்ப்பு மையம் பின் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று கொள்வோம். திருப்புத்திறன் 150 கிலோ-சென்டிமீட்டர். கைப்பிடி பின் அச்சுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால். அம்மா அதில் தண்ணீர் பாட்டில், ரெயின்கோட், தின்பண்டம் எல்லாம் போட்ட பையை மாட்டுகிறார். பிள்ளை உட்கார்ந்திருக்கும்வரை 27 கிலோ தொங்கினாலும் வண்டி அசையாது. அவன் துள்ளி இறங்கிய மறு விநாடி, ஏழரை கிலோவைத் தாண்டிய பை வண்டியை மல்லாக்கத் தள்ளிவிடும். கைக்குழந்தை தானாக இறங்காது. இவனோ ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்குவான். ஆகவே கனத்த பை இருக்கைக்குக் கீழே உள்ள கூடைக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது, கீல். 2009-ல் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குத் திருத்த அறிவிப்பு வந்தது. வண்டியை விரிக்கும்போது குழந்தைகளின் விரல் கீலில் மாட்டி, 12 குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டாகியிருந்தது. கீலை மூடும் உறைகளைக் கொடுத்தார்கள். கத்தரிக்கோல் வேலை செய்யும் அதே தத்துவம்தான். "நான் விரிக்கிறேன்மா" என்று ஓடி வரும் வயசு இது. கையை எட்ட வைத்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

எடை வரம்பும் உண்டு. டிஸ்னி வாடகைக்குத் தரும் ஒற்றை வண்டிக்கு 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ. எட்டு வயசுப் பிள்ளை பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். சொந்த வண்டி கொண்டுபோனால் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். இது 2019 மே முதல் தேதி வந்த விதி. வாடகை வண்டியில் இன்னொரு சங்கடம்: அதைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பிள்ளை தூங்கி விழுகிற ராத்திரியில், பஸ்ஸுக்கும் காருக்கும் போகிற அந்தக் கடைசி நடைக்கு வண்டி கிடையாது! எனக்கென்னவோ சொந்தமாக ஒரு குடை மடிப்பு வண்டியே மேல் என்று தோன்றுகிறது.

அங்கேயும் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். "இவ்வளவு பெரிய பிள்ளைக்கா?" என்று பார்ப்பார்கள். கூட்டத்தில் குதிகாலில் சக்கரம் இடிபட்டவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். நன்றாக ஓடியாடும் ஒன்பது வயசுப் பையன் வண்டியில் படுத்துக்கொண்டு விளையாடினால் நானும் இறக்கிவிடத்தான் சொல்வேன். ஆனால் பார்த்தவுடன் எல்லாம் தெரிந்துவிடுமா?

படத்தைப் பார்த்துச் சிரித்த ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தார். பேச்சுவாக்கில்தான் சொன்னார். பையனுக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் மூட்டு வாதமாம். காலையில் நன்றாக நடப்பவன் மத்தியானத்துக்குள் வீங்கிப் போய் உட்கார்ந்துவிடுவானாம். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படத்தில் ஸ்ட்ரோலரில் தொங்கிய சிவப்புச் சீட்டை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பூங்கா அலுவலகத்தில் கொடுக்கும் அடையாளம் அது. மற்ற வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் வரிசைக்குள் போக வேண்டும். இந்தச் சீட்டு இருந்தால் வண்டியோடே வரிசையில் நிற்கலாம். பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தடவை போன் பண்ணினா எங்கிட்ட குடு" என்றார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சீட்டு இல்லாத வண்டிகளை நிறுத்தும் இடத்தில் நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கும்; ஊழியர்கள் அடிக்கடி நகர்த்தி அடுக்கியும் வைப்பார்கள். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போனால்தான் திரும்பி வந்து கண்டுபிடிக்கலாம். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டுவிடுங்கள்.