பல் உள்வைப்பு: யாரிடம் போவது?

நயினாதீவில் இருக்கும் என் மாமிக்கு வயது 61. கீழ்த்தாடையில் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பல வருடங்களுக்கு முன்பே பிடுங்கிவிட்டார். லண்டனில் இருக்கும் மகன் ஒருநாள் தொலைபேசியில், "உம்மா, கழற்றி மாட்டுற பல்லு இனி வேண்டாம். இம்பிளான்ற் வையுங்கோ, காசு அனுப்புறன்" என்றான். மாமி ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனார். சீனி வருத்தம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மாமிக்குப் பத்து வருடமாகச் சீனி. அன்றே இரண்டு திருகுகளை வைத்து அனுப்பிவிட்டார்கள்.

நவம்பர் மாதம் ஒரு திருகு ஆடத் தொடங்கியது. முரசு வீங்கிச் சீழ் கட்டியது. தொலைபேசி எடுத்தால், "டொக்டர் மாதத்தில் ஒருநாள்தான் வருவார்" என்றார்கள். வாடைக்காற்றுக் காலம், அந்த வாரம் இரண்டு நாள் குறிகட்டுவானுக்குப் படகே ஓடவில்லை. "ஒரு பல்லுக்கு இவ்வளவு பாடா மகள்?" என்று மாமி என்னைக் கேட்டார். அதற்குப் பதில் தேடியபோது வாசித்தும், பல் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்லள். உங்களைப் போல ஒரு வீட்டுக்காரி, ஓர் ஆசிரியை.

முதலில் இந்த உள்வைப்பு என்பது என்ன? இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் வைக்கப்படும் சிறிய திருகு அது. பெரும்பாலும் தைத்தேனியம் என்னும் உலோகத்தால் ஆனது. பேச்சில் டைட்டேனியம் என்போம். 1952ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரனேமார்க், முயலின் காலெலும்பில் தைத்தேனியக் கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதை அந்நியப் பொருளாகத் தள்ளாமல் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவர் மனிதரிடம் ஓடிவிடவில்லை. பதின்மூன்று வருடம் சோதித்த பிறகே, 1965இல், கீழ்த்தாடையில் பல்லில்லாத ஒருவருக்கு நான்கு திருகுகளை வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் உழைத்தன. நாற்பது வருடத்துக்கு மேல்! இந்தக் கணக்கைத்தான் விளம்பரங்கள் காட்டுகின்றன. அந்த நாற்பது வருடமும் அவரைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ளச் சாதாரணமாக மூன்று மாதம் தொடக்கம் ஆறு மாதம் வரை வேண்டும். அதன் பிறகே மேலே பல் பூட்டுவார்கள். சிலருக்குத் தெரிவு செய்து உடனேயே தற்காலிகப் பல் பூட்டுவதும் உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. ஆகவே "இரண்டே நாளில் எல்லாம் முடியும்" என்று வாயைப் பார்க்கும் முன்பே சொல்பவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

சரி, தகுதியானவர் யார்? நமது நாட்டில் பல் வைத்தியராவதற்குப் பல் சத்திரசிகிச்சைப் பட்டம் வேண்டும். 1943இல் கொழும்பில் தொடங்கி 1954இல் பேராதனைக்கு மாறிய பல் மருத்துவ பீடம்தான் நெடுங்காலம் இதற்கு இருந்த ஒரே இடம். பட்டம் பெற்றவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டும். அதற்கு மேல் நிபுணர் என்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பல வருடம் பயின்று சான்று பெற்றவர். உள்வைப்போடு நெருங்கிய துறைகள் இரண்டு: வாய், தாடை, முக சத்திரசிகிச்சை ஒன்று, இழந்த பற்களை மீளமைக்கும் பல் மருத்துவம் மற்றது. முன்னது எலும்பையும் நரம்பையும் அறிந்தது, பின்னது கடியையும் மேலே வரும் பல்லையும் அறிந்தது. சிக்கலான வாய்களுக்கு இருவரும் சேர்ந்து திட்டமிடுவதே நல்லது.

இங்கே ஒரு விடயம் எனக்கு வியப்பாக இருந்தது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கூட அங்கீகரிக்கப்பட்ட பல் மருத்துவ நிபுணத்துவங்களின் பட்டியலில் 'உள்வைப்பு' என்று தனியொன்று இல்லை. பெயர்ப்பலகையில் 'இம்பிளான்ற் நிபுணர்' என்று இருப்பதால் மட்டும் ஒன்றும் தெரியவராது. சில நாள் பயிற்சிச் சான்றிதழும் அந்தப் பலகைக்குள் ஒளிந்திருக்கலாம், பல வருட உழைப்பும் இருக்கலாம். நிபுணர் அல்லாத, ஆனால் முறையாகப் பயின்று நூற்றுக்கணக்கில் செய்த பொதுப் பல் வைத்தியர்களும் உண்டு. அவர்களைக் குறைவாக எண்ண வேண்டாம். கேட்டுத்தான் அறிய வேண்டும்: எங்கே படித்தீர்கள், மருத்துவ சபைப் பதிவு இலக்கம் என்ன, இதுபோன்ற வாய்க்கு எத்தனை தடவை செய்திருக்கிறீர்கள், தோற்றவை எத்தனை? நல்ல வைத்தியர் இதற்குக் கோபிப்பதில்லை. தோல்வியே இல்லை என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். தனியார் சிகிச்சை நிலையமும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும்.

பலாலியிலிருந்து விமானம் ஓடத் தொடங்கியபின் சென்னைக்குப் போய்வருவோர் பலர். அங்கே பல் மருத்துவ முதுகலைப் பட்டமும் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவும் பார்க்க வேண்டியவை. ஆனால் ஆடினால் மறுபடி விமானம் ஏற வேண்டும்!

வைத்தியர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்பதிலும் அவரை அறியலாம். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைக் கேட்பார். புகை, வெற்றிலை, புகையிலை பற்றி விசாரிப்பார். எலும்பு தேய்மானத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா என்பார். சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும். இருக்கிற பற்களின் முரசு நோயை முதலில் மாற்றுவார். முப்பரிமாண ஸ்கான் எடுத்து, கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பார். அந்த நரம்பில் திருகு பட்டால் கீழுதடு மாதக்கணக்கில், சிலவேளை நிரந்தரமாக, விறைத்துப்போகும். இவற்றில் எதையும் கேளாமல் விலையைச் சொல்பவர் பல்லைப் பார்க்கவில்லை, பணப்பையைப் பார்க்கிறார்.

நாம் கேட்க வேண்டிய ஒன்று நம் வீட்டாருக்கு முக்கியமானது. எலும்பு போதாதவிடத்து எலும்புத் தூளும் அதை மூடும் மெல்லிய சவ்வும் வைப்பார்கள். அவை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் பெறப்படுவதுண்டு, செயற்கையானவையும் உண்டு. எதிலிருந்து வந்தது, மாற்று இருக்கிறதா என்று சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். தையல் போட்ட பிறகு கேட்பதில் பயனில்லை.

மாணவிகளுக்கும் ஒரு சொல். வலைப்பந்து விளையாட்டில் முன்பல் இழந்த ஒரு பிள்ளை, "ரீச்சர், உடனே இம்பிளான்ற் வைக்கலாமா?" என்று கேட்டாள். தாடை வளர்ந்து முடியும்வரை வைக்கக்கூடாது. திருகு வைத்த இடத்திலேயே நிற்கும். பக்கத்துப் பற்கள் தாடையோடு வளர்ந்து இறங்கும். சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் மேலே ஏறி நிற்பதுபோலத் தெரியும். பதின்ம வயதில் தற்காலிகப் பல்லே போதும். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் திருகு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், பெற்றோர் வேறொருவரிடமும் கேட்பது நல்லது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயில் வைத்தியர் கிறீன் நம்மவருக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டு, நூல்களையும் தமிழாக்கினார். அந்த மண்ணில் இன்றும் எத்தனையோ பேர் விளங்காத படிவத்தில் கையொப்பம் வைக்கிறோம். விளங்கும்வரை தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முழுச் செலவையும் எழுத்தில் கேளுங்கள்: ஸ்கான், எலும்புத் தூள், மேற்பல், பின்னர் வரும் பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து.

தீவார்க்கு எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, பிறகு யார் பார்ப்பார் என்பதே. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரக் கடல், பிறகு பேருந்து. ஊர்காவற்றுறைக்காரருக்குப் பண்ணைப் பாலம் வழியே தரைவழி உண்டு, அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வருபவர் எவ்வளவு திறமைசாலியானாலும், இடையில் வீங்கினால் யாழ்ப்பாணத்தில் யாரிடம் போவது என்று பெயரோடு சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சையைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வைக்காமல் விடலாம். இன்னொன்று: திருகின் உறையில் உற்பத்தியாளர் பெயர், அளவு, தொகுதி இலக்கம் அச்சிட்ட சிறு லேபிள் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் கருவி வேறு; லேபிள் இல்லாவிட்டால் அடுத்த வைத்தியர் தடுமாறுவார்.

மாமியைப் பின்னர் ஒரு நிபுணரிடம் கூட்டிப்போனோம். ஆடிய திருகைக் கழற்றினார். மற்றது எலும்போடு பிடித்திருந்தது; அதை விட்டார். புதிது வைக்கவில்லை. "முதலில் சீனியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், அதுவரை கழற்றி மாட்டும் பல் போதும்" என்றார். மாமிக்கு முகம் வாடியது, மகனுக்கும் ஏமாற்றம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு செய்யக்கூடிய ஒன்றை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மிஞ்சிய திருகின் லேபிளைப் பழைய இடத்தில் கேட்டு வாங்க மூன்று தடவை அலைந்தோம். மாமி அதை அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அடுத்த பரிசோதனை மார்ச் மாதம். கடல் அப்போது அடங்கியிருக்கும்.