ஏசி கம்ப்ரஸர் காற்றடிக்குமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊரைச் சுற்றிச் செம்பாறைத் தடங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் ரூபிகன் தடம் இருக்கிறது. இவற்றுக்கு ஜீப்பிலும் பிக்கப் டிரக்கிலும் போகிறவர்கள் தார்ச்சாலை முடிகிற இடத்தில் இறங்கிச் செய்யும் முதல் வேலை, டயர்க் காற்றைத் திறந்துவிடுவது. சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு இருந்த டயர் 15 பவுண்டுக்கு இறங்கும். இரண்டு டன் வண்டியில் ஒரு சக்கரம் 500 கிலோ சுமக்கிறது. 35 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோ. அப்படியானால் 200 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையைத் தொட்டாலே அந்தச் சுமையைத் தாங்கிவிடும். 15 பவுண்டில் அதே சுமைக்கு 475 சதுர சென்டிமீட்டர் வேண்டும். டயர்ச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் தாங்கும் என்பதால் கணக்கு சற்று முன்பின் ஆகலாம். எப்படியானாலும் டயர் அகலமாகப் படிந்து பாறையைக் கவ்வும், மணலில் புதையாமல் போகும்.

திரும்பும்போதுதான் சிக்கல். காற்று குறைந்த டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் அது சூடேறிக் கிழிந்துவிடும். ஆகவே அங்கேயே காற்றடித்தாக வேண்டும். 33 அங்குல டயருக்குள் சுமார் 100 லிட்டர் இடம். அதில் 20 பவுண்டு ஏற்ற வெளிக்காற்று 136 லிட்டர் தேவை. நான்கு டயருக்கும் 540 லிட்டருக்கு மேல். பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் நிமிடத்துக்கு 30 முதல் 50 லிட்டர்தான் தரும். கால் மணி நேரம் அலறி, சூடாகி, நின்று நின்று ஓடும். இதை மூன்று நிமிடத்தில் முடிக்க ஒரு குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதை எடுப்பதென்றால் 80, 100 ஆம்பியர் இழுக்கும். பக்கத்திலேயே நூறு குதிரைத்திறனுக்கு மேல் வைத்துக்கொண்டு எஞ்சின் ஓடுகிறது. ஒரு பெல்ட் போட்டால் போதும். பம்ப்புக்குக் காயலான் கடைக்குப் போனால், பழைய கார்களின் ஏசி கம்ப்ரஸர்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன.

வாயுவை உறிஞ்சி அழுத்தித் தள்ளும் எந்திரத்துக்கு எந்த வாயு என்பது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். பெரிய பொருட்டுதான். எதை எடுப்பது என்ற கேள்விக்குப் பதில், எது அதிகக் காற்றுத் தரும் என்பதில் இல்லை. அதன் எண்ணெய் எங்கே தங்குகிறது என்பதில் இருக்கிறது.

ஏசி ஒரு மூடிய சுற்று. வெளியே போன வாயு ஒரு வட்டமடித்துத் திரும்ப வந்துசேரும். ஜப்பானின் சாண்டன் நிறுவனத்தின் எஸ்டி-508 போன்ற கம்ப்ரஸர்கள் இதை நம்பியே உருவானவை. தண்டுக்கு இணையாக ஐந்து பிஸ்டன்கள் வட்டமாக அமைந்திருக்கும். சாய்வாகத் தள்ளாடும் ஒரு தட்டு அவற்றை ஒவ்வொன்றாக உந்தும். கைக்கு அடக்கமான, அதிர்வு குறைந்த, அழகான எந்திரம். ஆனால் அதன் உயவு எண்ணெய் வாயுவோடு கலந்தே ஊர் சுற்றுகிறது, வாயுவோடுதான் திரும்பி வருகிறது. காற்றடிக்கும் வேலையில் திரும்பி வருவதற்கு வழியே கிடையாது. போன எண்ணெய் டயருக்குள் போனதுதான். உள்ளேயிருக்கும் தாங்கிகள் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டு, ஒருநாள் இறுகிப்போகும்.

யார்க் கம்ப்ரஸரின் கதை வேறு. 1874-இல் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் தொடங்கிய, பனிக்கட்டி எந்திரங்களால் பெயர்பெற்ற நிறுவனத்தின் வழிவந்தது அது. நிமிர்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், கீழே கிராங்க், அதற்கும் கீழே தனக்கென்று ஓர் எண்ணெய்த் தொட்டி. சின்ன மோட்டார் எஞ்சினைப் போன்ற அமைப்பு. வாயு என்ன கொண்டுவந்தாலும் கொண்டுவராவிட்டாலும் கிராங்குக்கு எண்ணெய் கிடைத்துக்கொண்டே இருக்கும். அறுபது, எழுபதுகளின் ஃபோர்டு கார்கள், ஏஎம்சி எஞ்சின் போட்ட ஜீப்புகள், வோல்வோ 240 ஆகியவற்றில் இது இருந்தது. பிற்பாடு வந்த கார்களில் இடம் சுருங்கியது, ஓட்டுநர்கள் அதிர்வையும் பொறுத்துக்கொள்ளவில்லை. காருக்கு இது பழசாகிப்போனது. காற்றடிக்க இன்றும் இதற்கு ஈடு சொல்வது கடினம்.

இதில் ஒரு நுட்பம். யார்க்கில் 206, 209, 210 என்று மூன்று வகை உண்டு. ஒரு சுற்றுக்கு அவை விழுங்குவது முறையே சுமார் 100, 142, 169 கன சென்டிமீட்டர். மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே அச்சு. தகட்டில் உள்ள எண்ணைப் படிக்காமல் வாங்கினால், 210 என்று நினைத்து 206-ஐச் சுமந்து வரலாம். 210-ஐ நிமிடத்துக்கு 1500 சுற்று ஓட்டினால் 250 லிட்டர் விழுங்கும். வால்வுக் கசிவும் பிஸ்டன் தலைக்கு மேல் தங்கிவிடும் காற்றும் போக மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்தாலும், நான்கு டயரும் மூன்றரை நிமிடத்தில் நிரம்பிவிடும்.

எண்ணெய்க்கு அடுத்தது சூடு. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். சைக்கிள் பம்ப்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். 27 டிகிரிக் காற்றை 100 பவுண்டுக்கு அழுத்தும்போது, வெப்பம் எதுவும் வெளியேறவில்லை என்று வைத்துக் கணக்கிட்டால், அது 265 டிகிரியைத் தொடும். அதே கம்ப்ரஸர் காரில் ஆர்-12 என்ற குளிர்பதன வாயுவை அதைவிட அதிக அழுத்தத்துக்குத் தள்ளியும் 70 டிகிரி அளவில்தான் நின்றது. ஒரு காரணம், ஏசியில் வாயு குளிர்ந்தும் ஏற்கெனவே ஓரளவு அழுத்தத்தோடும் வந்து சேர்கிறது. ஏற்ற வேண்டிய மடங்கு குறைவு. மற்றொரு காரணம் மூலக்கூறுக்குள் இருக்கிறது. காற்று பெரும்பாலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டும் ஈரணு மூலக்கூறுகள். பிஸ்டன் கொடுக்கும் ஆற்றலை அவை வேகமாக ஓடியோ சுழன்றோதான் ஏற்க முடியும். ஆர்-12 மூலக்கூறில் ஐந்து அணுக்கள். பிணைப்புகளின் அதிர்விலும் ஆற்றலின் ஒரு பகுதி போய் ஒளிந்துகொள்கிறது. மூலக்கூறுகள் பாயும் வேகத்தைத்தான் நாம் வெப்பநிலையாக அளக்கிறோம். அதனால் ஒரே உந்துதலில் காற்று கொதிக்கிறது, ஆர்-12 வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது.

இதனால்தான் கம்ப்ரஸரின் வாயில் சாதாரண ரப்பர் ஹோஸை மாட்டக் கூடாது. முதல் ஒரு மீட்டராவது செம்புக் குழாயோ, எஃகு வலை போர்த்திய டெஃப்லான் ஹோஸோ வேண்டும். அங்கே சூடு இறங்கும்போது தண்ணீரும் பிரியும். எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தப்பட்ட காற்று, ஆறிய பிறகு முன்பு சுமக்க முடிந்த ஈரத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் ஆவியாக வைத்துக்கொள்ள முடியும். வெக்கையான நாளில் மிச்சமெல்லாம் காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்கின் அடியில் நீராகச் சேரும். அதற்கொரு வடிகுழாய் வேண்டும்.

காயலான் கடையில் பார்க்க வேண்டியவை சில. முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டைக் கையால் சுற்றினால் கரகரப்பில்லாமல் திரும்ப வேண்டும். வெளிவாயை விரலால் மூடினால் காற்று விரலைத் தள்ள வேண்டும். கிளட்ச்சுக்குப் பின்னால் எண்ணெய்ச் சேறு அப்பியிருந்தால் தண்டு சீல் போய்விட்டது என்று பொருள். எண்ணெயில் உலோகப் பொடி மின்னினால் விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள். பிராக்கெட், புல்லி, போல்ட்டு எல்லாவற்றையும் சேர்த்தே கழற்றிக் கொள்ளுங்கள். தேடி வாங்கினால் அவற்றின் விலை கம்ப்ரஸரைத் தாண்டிவிடும். காரில் வாயு இன்னும் இருந்தால் குழாயைத் திறக்கவே கூடாது. ஓசோனைத் தின்னும் ஆர்-12-ஐ வெளியே விடுவது அமெரிக்காவில் 1992 ஜூலை முதல் சட்டவிரோதம். வாயுவை எடுத்துக்கொள்ளும் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டும்.

லாரிகளின் ஏர் பிரேக் கம்ப்ரஸரை எடுத்தால் என்ன என்று நம்மூர் மெக்கானிக் கேட்பார். நல்ல கேள்வி. அது காற்றுக்கென்றே பிறந்தது. ஆனால் பெரும்பாலும் எஞ்சினிலிருந்தே எண்ணெயும் தண்ணீரும் குழாய் போட்டுக் கொடுக்க வேண்டும். கிளட்ச் இல்லாததால் எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். யார்க்கில் 12 வோல்ட் காந்தக் கிளட்ச் இருக்கிறது. அழுத்தம் 90 பவுண்டுக்குக் கீழே போனால் சேர்த்து, 105-இல் விடுவிக்கும் ஒரு பிரஷர் சுவிட்ச்சைக் கிளட்ச் ஒயரில் இணைத்தால் வேலை முடிந்தது. மற்ற நேரத்தில் புல்லி மட்டும் சும்மா சுற்றும்.

என் தீர்ப்பு இது: யார்க்குக்கு இடம் இருந்தால் 210, அது கிடைக்காவிட்டால் 209. இடமே இல்லாத வண்டிக்குச் சாண்டன், அதுவும் உறிஞ்சுவாயில் எண்ணெய் சொட்டும் ஆயிலர் வைத்து, அதை மறக்காமல் நிரப்புகிறவருக்கு மட்டும்.

யார்க்கிலும் கொஞ்சம் எண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி மேலே வரும். அது வெளிவாயின் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். கரி, எண்ணெய் ஆவி, அழுத்தக் காற்று மூன்றும் சேர்ந்த இடத்தில் தீப்பிடிக்க முடியும். பெரிய தொழிற்சாலைக் கம்ப்ரஸர்களில் குழாய்கள் இப்படி எரிந்திருக்கின்றன. ஆகவே வெளிக்குழாயை அவ்வப்போது கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யுங்கள். டேங்க் அழுத்தக் காற்றுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். பிரஷர் சுவிட்ச் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும் என்றே வைத்துக்கொண்டு, 150 பவுண்டில் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வை டேங்கில் நேரடியாக, நடுவே மூடக்கூடிய எந்த வால்வும் இல்லாமல் பொருத்துங்கள். அதைப் பொருத்தாமல் பெல்ட்டை மாட்டாதீர்கள்.