நான்கு உள்ளங்கைப் பிடிமானம்

நுழையும்முன்

கணினியிலும் கைப்பேசியிலும் கார்ப் பந்தயம் விளையாடாத சிறுவர் இன்று குறைவு. அவ்விளையாட்டுகளுள் சில, உண்மையான காரின் இயக்கத்தை அறிவியல் விதிகளின்படி கணக்கிட்டுக் காட்டுகின்றன. அவற்றைச் சிமுலேட்டர் என்பர். கார் எவ்வாறு திரும்புகிறது, ஏன் வழுக்குகிறது, பந்தயத்திற்கு முன் அதனை எவ்வாறு சீரமைக்கின்றனர் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

வளைவில் சாயும் உடல்

கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லையில் அமைந்த ஊர் பனச்சமூடு. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து அவ்வூரை நோக்கிச் செல்லும் சாலைகள் ரப்பர் தோட்டங்களுக்கிடையே ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்கின்றன. வளைவில் பேருந்து திரும்பும்போது உள்ளே நிற்பவர் அனைவரும் வெளிப்பக்கமாகச் சாய்கின்றனர். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் முன்பக்கமாகச் சாய்கின்றனர். அவர்களை எவரும் தள்ளவில்லை. பேருந்து திரும்பியது, அவர்களுடைய உடலோ நேராகவே செல்ல முனைந்தது. இயங்கும் பொருள் தன் இயக்கத்தை மாற்றிக்கொள்ளாமல் தொடர முனையும் இப்பண்பே நிலைமம் ஆகும்.

பேருந்துக்கும் நிலைமம் உண்டு. அதுவும் நேராகச் செல்லவே முனையும். அதனை வளைவின் உட்பக்கமாக இழுத்துத் திருப்புவது எது? ஸ்டீயரிங் என்றே பலரும் விடை கூறுவர். ஸ்டீயரிங் முன்சக்கரங்களின் திசையை மாற்றுகிறது; அவ்வளவே. வண்டியை இழுத்துத் திருப்புவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு ஆகும். அவ்வுராய்வையே பிடிமானம் என்கிறோம்.

உள்ளங்கை அளவு இடம்

ஒரு காரின் டயர் எவ்வளவு பெரிதாயினும், அது சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. 1000 கிலோ எடையுள்ள கார், இத்தகைய நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஓடுகிறது. வேகம் எடுப்பதும், நிற்பதும், திரும்புவதும் அந்த நான்கு இடங்களில்தான் நிகழ்கின்றன.

அப்பிடிமானத்திற்கு ஓர் எல்லை உண்டு. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு கார் திரும்புகிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், அதற்குத் தேவையான மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். 100ஐ 30ஆல் வகுக்க 3.3 வருகிறது. உலர்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயர் ஏறத்தாழ 8 அல்லது 9 வரை தாங்கும். ஆகவே கார் எளிதாகத் திரும்பிவிடும்.

இப்போது வேகம் 72 கிலோமீட்டர் ஆகிறது. வேகம் இரு மடங்குதான். தேவையோ நான்கு மடங்காகி 13.3 ஆகிவிடுகிறது. எத்துணைத் திறமையான ஓட்டுநரும் அவ்வளைவில் அக்காரைத் திருப்ப இயலாது. மழை பெய்து சாலை நனைந்திருந்தால் டயர் தாங்கும் அளவும் குறைந்துவிடும்.

டயரின் பிடிமானத்தை 100 அலகு எனக் கொள்வோம். பிரேக், திருப்பம் ஆகிய இரண்டும் இந்த 100இலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. நேர்ச்சாலையில் 100 முழுவதையும் பிரேக்கிற்கே செலவிடலாம். அந்நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கிற்கு 80 செலவானால், திருப்பத்திற்கு 60 வரை கிடைக்கும். 80, 60 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 100இன் வர்க்கம் வரும். கணக்குப் பாடத்தில் பயிலும் பிதாகரஸ் தேற்றமே இங்கும் ஆட்சி செய்கிறது. இதனால்தான் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை மெல்ல விடுவிக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கூறுகின்றனர்.

எடை இடம்பெயர்தல்

நான்கு டயர்களும் எப்போதும் சமமான எடையைத் தாங்குவதில்லை. 1000 கிலோ காரில் முன்பக்கம் 500, பின்பக்கம் 500 என எடை அமைந்திருப்பதாகக் கொள்வோம். ஓட்டுநர் வலுவாகப் பிரேக் அழுத்தும்போது ஏறத்தாழ 160 கிலோ அளவுக்கு எடை பின்னிருந்து முன்னுக்கு மாறக்கூடும். அப்போது முன்டயர்கள் 660 கிலோவையும் பின்டயர்கள் 340 கிலோவையும் தாங்குகின்றன. வளைவில் இதே மாற்றம் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்திற்கு நிகழ்கிறது.

இங்கு நினைவில் கொள்ளத்தக்க உண்மை ஒன்று உண்டு. ஒரு டயரின் மேல் எடை இரு மடங்கானால், அதன் பிடிமானம் இரு மடங்காவதில்லை. அதனினும் குறைவாகவே கூடுகிறது. ஒரு சுமையை இருவர் சமமாகத் தூக்கினால் நெடுந்தொலைவு செல்லலாம். சுமை ஒருவர் பக்கமே சாய்ந்தால் இருவரும் தடுமாறுவர். டயர்களும் அத்தகையனவே.

முன் வழுக்கலும் பின் வழுக்கலும்

வளைவில் முன்டயர்கள் முதலில் பிடிமானத்தை இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் வெளிப்பக்கமாக நேரே செல்லும். இதனை அண்டர்ஸ்டீர் என்பர். பின்டயர்கள் முதலில் பிடிமானத்தை இழந்தால், காரின் பின்பகுதி வெளியே வீசப்பட்டுக் கார் சுழலத் தொடங்கும். இது ஓவர்ஸ்டீர் ஆகும்.

முதல் நிலையில் வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். முன்டயர்கள் மீண்டும் சாலையைப் பற்றும். இரண்டாம் நிலையில் கார் சுழலும் திசைக்கு எதிராக ஸ்டீயரிங்கை நொடிப்பொழுதில் திருப்ப வேண்டும். அதற்குப் பயிற்சி தேவை. எனவே பொதுமக்கள் ஓட்டும் கார்களை முன் வழுக்கல் முதலில் நேருமாறே பெரும்பாலும் வடிவமைக்கின்றனர்.

காரைச் சீரமைத்தல்

சிமுலேட்டரில் விளையாடும் மாணவன் ஒருவனைக் கற்பனை செய்வோம். அவனுடைய கார் ஒவ்வொரு வளைவிலும் வெளியே ஓடுகிறது. பந்தயம் தொடங்குமுன் காரைச் சீரமைக்கும் பக்கம் திரையில் தோன்றுகிறது. அவன் எவற்றை மாற்றலாம்?

முதலாவது, டயரின் காற்றழுத்தம். அழுத்தம் மிகுந்தால் டயர் சாலையைத் தொடும் இடம் சுருங்கும். அழுத்தம் மிகக் குறைந்தால் டயர் நெளிந்து, அளவுக்கு மீறிச் சூடேறும்.

இரண்டாவது, சாய்வுத் தடுப்புத் தண்டு. இது இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் இரும்புத் தண்டு ஆகும். முன்தண்டு விறைப்பாக இருந்தால், இடம்பெயரும் எடையில் பெரும்பங்கு முன்பக்கத்து வெளிடயரின் மேல் விழும். சுமை ஒருவர் பக்கமே சாய்ந்த நிலை அது. ஆகவே முன்பக்கப் பிடிமானம் குறையும். அம்மாணவன் முன்தண்டைச் சற்றுத் தளர்த்தினால் கார் வளைவில் நன்கு திரும்பும். மிகுதியாகத் தளர்த்தினால் பின்பகுதி வழுக்கத் தொடங்கும்.

மூன்றாவது, இறக்கை. விமான இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. பந்தயக் காரின் இறக்கையோ தலைகீழாக அமைந்து, காரைச் சாலையோடு அழுத்துகிறது. வேகம் இரு மடங்கானால் இவ்வழுத்தம் நான்கு மடங்காகும். ஆனால் காற்றின் தடையும் உடன் கூடும். வளைவில் கிடைக்கும் ஆதாயத்திற்கு நேர்ப்பாதையில் விலை கொடுக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் சிறந்த சீரமைப்பு என ஒன்று இல்லை என்பது இதனால் விளங்கும். ஓரிடத்தில் பெறுவதற்கு வேறோரிடத்தில் இழக்க வேண்டியுள்ளது. எதனை இழக்கலாம் என்று தேர்ந்து முடிவு செய்வதே சீரமைப்பு. அதற்கு ஒரு நெறியும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சில சுற்றுகள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றியவன், எதனால் பயன் விளைந்தது என்பதை அறியமாட்டான்.

தமிழ்நாட்டுப் பந்தயப் பாதைகள்

இவ்வறிவியலைத் தமிழ்நாட்டவர் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். சென்னைக்கு அருகே உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்கள் பல்லாண்டுகள் நடைபெற்றன. பின்னர், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே பாதை அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்னும் பந்தயக் காரை உருவாக்கினார். பெருஞ்செல்வர் அல்லாத இளைஞர்களுக்கும் பந்தயக் களம் திறந்தது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

டயரும் நமக்கு அயலானது அன்று. பனச்சமூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விடியற்காலையில் வடிக்கப்படும் ரப்பர் பால் போன்றதே டயருக்கு மூலப்பொருள். 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பிற்காலத்தில் பந்தயக் கார்களுக்கும் டயர் செய்யும் அளவுக்கு வளர்ந்தது.

கணக்கிடும் திரை

சிமுலேட்டர் இவ்விதிகள் அனைத்தையும் எண்களாகக் கொண்டுள்ளது. ஒவ்வொரு டயரின் மேலும் எவ்வளவு எடை உள்ளது, அது எவ்வளவு வழுக்குகிறது என்பவற்றை ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை அது கணக்கிடுகிறது. டயரின் பிடிமானத்தைக் கணக்கிட, நெதர்லாந்துப் பேராசிரியர் ஹான்ஸ் பசெய்கா உருவாக்கிய வாய்பாடு பெரிதும் பயன்படுகிறது. அது ‘மாய வாய்பாடு’ என்றே அழைக்கப்படுகிறது. டயர்களைச் சோதித்துப் பெற்ற அளவுகளோடு அது வியப்பூட்டும் வகையில் பொருந்துவதே அப்பெயருக்குக் காரணம். 2008இல் வெளிவந்த ஐ-ரேசிங் போன்ற சிமுலேட்டர்கள், உண்மையான பந்தயப் பாதைகளை லேசர் கதிரால் அளந்து, அவற்றின் மேடுபள்ளங்களையும் திரைக்குக் கொண்டு வந்தன.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில், பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற லே மான் 24 மணிநேரப் பந்தயம் ஜூன் மாதத்திலிருந்து தள்ளிவைக்கப்பட்டது. அம்மாதத்தில் அதற்கு ஈடாக இணையவழிப் பந்தயம் நடைபெற்றது. 50 கார்களில் 200 பேர் பங்கேற்றனர். பந்தயப் பாதையில் ஓட்டும் வீரர்களும் சிமுலேட்டர் வீரர்களும் ஒரே அணியில் அமர்ந்து ஓட்டினர்.

ஒரு டயர் கற்பித்த பாடம்

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் காரோட்டிய முதல் இந்தியர் ஆவார். தொடக்கக் காலத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டிய அவர், 2005இல் ஜோர்டான் அணியில் இடம்பெற்றார்.

அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் பந்தயம். அங்கு ஒரு வளைவு மட்டும் சரிவாகச் சாய்த்து அமைக்கப்பட்டிருந்தது. அதில் கார்கள் வலப்பக்கம் திரும்பி மிகு வேகத்தில் பாயும்போது, இடப்பக்கப் பின்டயரின் மேல் பெருஞ்சுமை ஏறியது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மிஷெலின் டயர் பூட்டிய கார் ஒன்று அவ்விடத்தில் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. தம் டயர்கள் அவ்வளைவை முழுப் பந்தயமும் தாங்கா என்பதை மிஷெலின் நிறுவனமே அறிவித்தது. பந்தயத்தின் இடையே டயர் மாற்றலாகாது என்பது அவ்வாண்டின் விதி.

ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் தொடங்குமுன் நிகழும் முன்னோட்டச் சுற்றின் முடிவில், மிஷெலின் டயர் கொண்ட 14 கார்களும் பாதையை விட்டு விலகின. வேறு நிறுவனத்தின் டயர் பூட்டிய 6 கார்களே பந்தயத்தில் ஓடின. நரேன் கார்த்திகேயன் நான்காம் இடம் பெற்று, ஃபார்முலா ஒன் போட்டியில் புள்ளி ஈட்டிய முதல் இந்தியரானார். பார்வையாளர்கள் சினந்து கூச்சலிட்டனர். எனினும் விலகிய அணிகளின் ஓட்டுநர்கள் அன்று நலமாக வீடு திரும்பினர். உலகின் வேகமான கார்களை உருவாக்கியவர்களும், உள்ளங்கை அளவு ரப்பரின் எல்லையை மதித்தே ஆக வேண்டியிருந்தது.

திரையும் சாலையும்

சிமுலேட்டரில் எத்தனை முறை மோதினாலும் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். தவறு செய்து கற்பதற்கு அஃது ஏற்ற இடம். சாலையில் அப்பொத்தான் இல்லை. அங்கு எதிரே பள்ளி மாணவர் வரலாம். சந்தைக்குச் சுமை கொண்டு செல்பவர் வரலாம். மழையில் நனைந்த வளைவு, கேரளத்தில் இருந்தாலும் தமிழ்நாட்டில் இருந்தாலும் ஒரே விதியைத்தான் பின்பற்றுகிறது. திரையில் அவ்விதியைக் கற்றவர், உரிய வயதில் உரிமம் பெற்று வண்டி ஓட்டும்போது, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைப்பார்.

சொற்பொருள்

நிலைமம் – இயக்க நிலையை மாற்றிக்கொள்ளாமல் தொடரும் பண்பு
பிடிமானம் – பற்றிக்கொள்ளும் ஆற்றல்
ஆரம் – வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரை உள்ள தொலைவு
விறைப்பு – வளையாத தன்மை
ஆதாயம் – பயன், ஊதியம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பேருந்து திரும்பும்போது பயணிகள் சாய்வது ஏன்?
2. அண்டர்ஸ்டீர், ஓவர்ஸ்டீர் – வேறுபாடு யாது?
3. பந்தயக் காரின் இறக்கை செய்யும் பணி யாது?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. ‘எல்லா இடத்திலும் சிறந்த சீரமைப்பு என ஒன்று இல்லை’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. 2005ஆம் ஆண்டு இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் 14 கார்கள் விலகியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
அவ்வளைவு, முன்டயர், மூலப்பொருள், இவ்வறிவியல்

ஈ. செயல்பாடு
உம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் உள்ள வளைவுகளைப் படமாக வரைக. அவற்றுள் மழைக்காலத்தில் இடர் மிகுந்தது எது எனக் கண்டறிந்து, காரணத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.